ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும்

"கணிப்பொறித் துறையில் பெண்களுக்கு இனி என்ன குறை?" என்று நம் நண்பர்கள் பலர் கேட்கின்றனர். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாணவியர். தேர்வு முடிவுகள் வெளிவரும்போது பட்டியலின் தலையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மாணவியின் பெயர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலும், இங்கே குருகிராமத்திலும், காலை வேளையில் அலுவலகப் பேருந்துகளிலிருந்து இறங்குவோரைப் பார்த்தாலே பெண்கள் எத்தனை பேர் என்பது விளங்கிவிடும். ஆகவே பெண்களுக்கு ஆதரவு என்ற பேச்சே காலங்கடந்த பேச்சு என்பது அந்நண்பர்களின் கருத்து. நான் இக்கருத்தை மறுக்கிறேன். மறுப்பதற்கு எனக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நம் சங்கத்துத் தோழர், தோழியர் முன்னே வைப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் படிப்பவர்கள் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. வகுப்பில் பாதியாக இருக்கும் பெண்கள், இந்தியக் கணிப்பொறித் தொழிலில் வேலை செய்வோருள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் இருக்கின்றனர். இத்தொழிலின் சங்கமாகிய நாஸ்காம் சொல்லிவரும் கணக்கு இது. தலைமைப் பதவிகளுக்கு ஏற ஏற இப்பங்கு இன்னும் சுருங்குகிறது. கல்லூரி வாயிலில் இருந்தவர்கள் மேல்மாடிக்குப் போவதற்குள் எங்கே போனார்கள்? அவர்களுடைய அறிவு வழியில் கரைந்துவிட்டதா? அப்படி ஒருவரும் நம்பமாட்டார்கள். வழியில்தான் ஏதோ இருக்கிறது. அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

இத்துறை ஆண்களுக்கே இயல்பானது, பெண்கள் இடையில் வந்தவர்கள் என்று நினைப்போரும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் முதலில் பொறியைக் குறித்ததன்று. கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. அந்த வேலையில் அமர்த்தப்பட்டவர்களுள் பெண்கள் மிகப் பலர். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறி உலகுக்குக் காட்டப்பட்டபோது, அதற்கு வேலைத்திட்டம் வகுத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். பொறியைச் செய்தவர்களின் பெயர் அன்றே எங்கும் பரவிற்று. இந்த ஆறு பெயர்களை உலகம் அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952-ஆம் ஆண்டிலேயே, மனிதர் எழுதும் குறிப்புகளைப் பொறிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித்தரும் கம்பைலரை ஆக்கிக் காட்டினார். அதே அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுள் பெண்களின் பங்கு 1984-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 37 ஆக இருந்தது. பின்னர் அது குறைந்துகொண்டே போய் 20-க்கும் கீழே இறங்கிற்று. மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே மட்டும் இறக்கம்!

ஏன் இவ்வாறு நேர்ந்தது? அந்த ஆண்டுகளில் வீட்டுக் கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. விளம்பரங்களில் அவற்றின் முன் அமர்ந்திருந்தவன் பையன். பெற்றோரும் பையனுக்கே வாங்கித் தந்தனர். சில ஆண்டுகள் வீட்டில் பழகிவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவனுக்கும், கல்லூரியில்தான் முதன்முதலாகப் பொறியைத் தொட்ட மாணவிக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். அவன் பழக்கத்தை ஆசிரியர்கள் திறமை என்று எண்ணினர். அவளும் அப்படியே எண்ணிப் பின்வாங்கினாள்.

இது மாற்றக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-ஆம் ஆண்டு கணிப்பொறி அறிவியலில் புதிதாகச் சேர்ந்தவர்களுள் பெண்கள் நூற்றுக்கு 7 பேர். 2000-ஆம் ஆண்டில் 42 பேர். ஐந்தே ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிட்டதா? இல்லை. முன்பழக்கத்துக்குச் சேர்க்கையில் தந்திருந்த சலுகையை அப்பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது. புதியவர்க்கும் பழகியவர்க்கும் தொடக்கப் பாடத்தை வேறு வேறாக அமைத்தது. மாறியது ஏற்பாடு, மாறவே எண்ணிக்கையும் மாறிற்று. பெண்களைப் பார்த்துத் "துணிவு கொள்ளுங்கள், தன்னம்பிக்கை கொள்ளுங்கள்" என்று மேடையேறிப் பேசுவது எளிது. ஏற்பாட்டை மாற்றுவதற்கு உழைப்பு வேண்டும்.

தில்லித் தமிழர்களாகிய நமக்கு இந்த உண்மையை அயல்நாட்டார் வந்து கற்பிக்கத் தேவையில்லை. நாம் இங்கே வேரூன்றிய கதையே அதற்குச் சான்று. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். புது தில்லி எழும்பிய நாட்களில், 1921-ஆம் ஆண்டில், கோல் மார்க்கெட்டின் வட்டக் கட்டடமும் எழுந்தது. அதைச் சுற்றிச் சர்க்கார் குமாஸ்தாக்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் ரயிலேறி இங்கே வந்தனர். இந்தி தெரியாது, குளிர் பழக்கமில்லை, கையில் பணமும் இல்லை. அவர்கள் எப்படி நிலைத்தனர்?

அவர்களுக்கு மூளை இருந்தது, உண்மைதான். ஆனால் மூளை மட்டும் இருந்து பயனில்லை. ரயில்நிலையத்தில் வந்து இறங்கியவனை அழைத்துப்போக ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். ஓர் அறையில் நால்வர் இருந்தால் ஐந்தாமவனுக்கும் பாய் விரித்தார்கள். சம்பளம் வரும்வரை மெஸ்ஸில் கடன் சொல்லிச் சாப்பிட்டான். எந்த இலாகாவில் இடம் காலி, மனுவை எப்படி எழுத வேண்டும், அதிகாரி என்ன கேட்பார் என்பதை முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் படிக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இந்தப் பகுதியிலேயே வந்தது. மந்திர் மார்க்கில் அப்பள்ளி இன்றும் நடக்கிறது. இவ்வளவையும் சேர்த்துத்தான் "தென்னாட்டான் கெட்டிக்காரன்" என்று தில்லி பெயரிட்டது. கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் ஏறிய ஏணியைக் கீழே நின்று நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தனர். இதை அவன் பேரன் மறக்கலாகாது.

இப்பொழுது கேட்கிறேன்: அந்த அறை பெண்ணுக்கு இருந்ததா? அந்த மெஸ் இருந்ததா? அவளுக்கு மனு எழுதச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் இருந்தாரா? அவள் பெரும்பாலும் மனைவியாகத்தான் இந்த ஊருக்கு வந்தாள். தனியாகப் படிக்கவும் வேலை பார்க்கவும் பெண்கள் வரத் தொடங்கிய பிறகும், நாம் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டிய அந்த ஏற்பாட்டை அவர்களுக்குக் கட்டவில்லை. "திறமை இருந்தால் வா" என்று மட்டும் சொன்னோம்.

பெண்களுக்கு ஏற்பாடு செய்தால் என்ன விளையும் என்பதைப் பார்க்க நெடுந்தொலைவு போகவேண்டாம். கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கென்றே 1916-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லூரி அது. "மருத்துவம் படிக்க விரும்பும் பெண்கள் துணிவோடு வெளியூர் போய் ஆண்களோடு போட்டியிடட்டும்" என்று அதை நிறுவியவர்கள் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கல்லூரி, மருத்துவமனை, விடுதி எல்லாவற்றையும் ஒன்றாக அமைத்தனர். வேலையும் படிப்பும் உறைவிடமும் ஒன்றுக்கொன்று அருகே அமைந்தன. இன்று இந்நாட்டில் பெண் டாக்டரைக் கண்டு வியப்பவர் ஒருவரும் இல்லை. வியப்பு நீங்கியதற்கு இத்தகைய கட்டடங்கள் ஒரு காரணம். கணிப்பொறிக்கு இங்கே இதை ஒத்த முயற்சி மிகப் பிந்தித்தான் வந்தது. காஷ்மீரி கேட்டில் பெண்களுக்கென 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திரா காந்தி தொழில்நுட்ப நிலையம் 2013-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாயிற்று. நல்ல தொடக்கம், ஆனால் ஒரு தலைநகருக்கு ஒன்று போதுமா?

தமிழ்நாட்டுப் பெண்கள் இத்தகைய துறைகளில் செய்திருப்பதை நம்மவர்களே அறியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சென்னையில் அ. லலிதா என்ற அம்மையார் பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். மடியில் பச்சைக் குழந்தை. அந்த நாளில் அந்நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு உலகம் வைத்திருந்த இடம் சமையலறையின் மூலை. அவரோ கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து 1943-ஆம் ஆண்டில் மின்பொறியியலில் தேறினார். கல்லூரிக் கதவு எப்படித் திறந்தது? அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்த தந்தையார் மகளுக்காக வாதாடினார். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார் என்பதை இங்கும் காண்க.

இராணி சிரோன்மணி அம்மையாரின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 2019-ஆம் ஆண்டில் மறைந்தார். கணிப்பொறிகள் நாட்டில் கைவிட்டு எண்ணும் அளவே இருந்த காலத்தில், கணிப்பொறி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதியில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி செய்தவர். அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்ற கமலா கிருத்திவாசன் அம்மையார், 1975-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்து, பின்னர் அங்கே கணிப்பொறித் துறைக்கே தலைவராக விளங்கினார். இவ்விருவரும் கிஃப்ட் சிரோன்மணி அவர்களும் சேர்ந்து 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? நம் வாசலில் போடும் கோலம்!

ஒரு மொழியில் சில எழுத்துகளும் சில இலக்கண விதிகளும் இருந்தால், அவற்றைக்கொண்டு கணக்கற்ற வாக்கியங்களை ஆக்கலாம். கோலத்திலும் அப்படியே. சில சிறு வடிவங்கள், அவற்றை அடுக்குவதற்குச் சில விதிகள். மூன்று புள்ளியில் போட்ட அதே கோலத்தை ஐந்து புள்ளிக்கும் ஏழு புள்ளிக்கும் அம்மா எப்படி விரிக்கிறாள்? படத்தை அவள் மனப்பாடம் செய்யவில்லை, விதியை அறிந்திருக்கிறாள். இந்த உண்மையை எடுத்துக்கொண்டு, படங்களை ஆக்கும் இலக்கணம் எப்படி அமையும் என்று அவர்கள் வகுத்துக் காட்டினர். பல தலைமுறைப் பெண்கள் அரிசி மாவால் எழுதி, மாலைக்குள் மிதிபட்டுப் போன அறிவு, அறிவியல் ஏட்டில் நிலைபெற்றது. கோலம் போட்டு வளர்ந்தவர்கள் ஆராய்ச்சிக் கூடத்திற்குள் இருந்தது அதற்குத் துணையாயிற்று என்று நான் எண்ணுகிறேன். பெண்களை ஒரு துறைக்கு வெளியே நிறுத்தினால் அவர்கள் கொண்டுவரும் கேள்விகளும் வெளியே நின்றுவிடும்.

கோலத்தைப் பற்றிப் பேச வந்தபின் நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கல் விழா வருகிறது. பெண்களுக்கு என்ன வேலை? கோலம், சந்தனம், பன்னீர், வரவேற்பு, குத்துவிளக்கு. ஆண்களுக்கு என்ன வேலை? ஒலிபெருக்கி, வரவு செலவு, இணையதளம், காணொளிப் பதிவு. கணிப்பொறி அறிவியல் படிக்கும் மாணவியர் நம்முள் பலர் இருந்தும், சங்கத்தின் இணையதளத்திற்குப் பொறுப்பாக ஒரு மாணவியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதை அறிவேன். பழக்கம்தான். கோலம் போடுவது இழிவன்று என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் வேலைக்கு மனுப் போடும் நாளில், "விழாவில் கோலம் போட்டேன்" என்பதை எந்த நிறுவனமும் கேட்பதில்லை. "ஐந்நூறு பேர் பயன்படுத்தும் இணையதளத்தை நடத்தினேன்" என்பதைக் கேட்கிறது. சிறு வேலைகளை இவ்வாறு பிரிக்கும்போதே பெரிய வேலைகளுக்கான பழக்கத்தையும் பிரித்துவிடுகிறோம்.

இனி, நம் தோழர்கள் வழக்கமாகக் கேட்கும் மறுப்புகளுக்கு வருகிறேன். "தகுதிக்கு மட்டுமே இடம்; பெண்களுக்குத் தனிச் சலுகை எதற்கு?" என்பது முதல் மறுப்பு. ஐ.ஐ.டி.களில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் தந்தபோதும் இக்கூக்குரல் எழுந்தது. 2016-ஆம் ஆண்டில் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுள் பெண்கள் நூற்றுக்கு 8 பேரளவே. பேராசிரியர் தீமோத்தி கொன்சால்வெஸ் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. அதன்மேல் 2018-ஆம் ஆண்டு நூற்றுக்கு 14, 2019-இல் 17, 2020-இல் 20 என்று பெண்களின் பங்கை உயர்த்த இலக்கு வகுத்தனர். ஆண்களுக்கு இருந்த இடங்களில் ஒன்றையும் குறைக்கவில்லை. மேலே புதிய இடங்களைச் சேர்த்தனர். வந்தவர்களும் அதே நுழைவுத் தேர்வில் தேறியவர்களே. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் செலவழித்து மகனை வெளியூர்ப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பும் வீட்டில், மகளுக்கு அதே செலவைச் செய்கிறார்களா? மகளுக்கென்று சேர்க்கும் பணத்தை நகையாகவே எண்ணிப் பழகிய நாடு இது. அந்த வீட்டிலிருந்து இருவரும் தேர்வு எழுதி வரும்போது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தகுதி என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

"பெண்களே விரும்பி ஒதுங்குகிறார்கள், யாரும் தடுக்கவில்லையே" என்பது இரண்டாவது மறுப்பு. தில்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரைக் கொண்டு கிரிஜா போர்க்கர் என்ற பொருளியல் அறிஞர் ஓர் ஆய்வு செய்தார். நல்ல கல்லூரியில் இடம் பெறத் தக்க மதிப்பெண் இருந்தும், போகும் வழி அச்சமற்றதாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியை மாணவியர் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். மாணவர்களிடம் இது மிகவும் குறைவு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது அவள் விருப்பம். பேருந்தில் நிற்பவளுக்கோ அது வேறு. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லியிலும், 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது ஏளனம் செய்தவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். படிப்புக்கும் வேலைக்கும் போகும் பாதை, படிப்பிலும் வேலையிலும் ஒரு பகுதியே.

"கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தருவது வீண்" என்பது மூன்றாவது மறுப்பு. இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்ற அம்மையார் 1962-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்காக வேலையை விட்டிருந்த பெண்களையே தேடிப்பிடித்து, வீட்டிலிருந்தபடி கணிப்பொறிக்குக் கட்டளை எழுதச் செய்தார். முதல் முந்நூறு ஊழியர்களுள் மூன்றே பேர் ஆண்கள். ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான கணிப்பொறி வேலையைச் செய்தவர்கள் இவர்கள்தாம்! அறுபது ஆண்டுகளுக்கு முன்னே, தொலைபேசியும் தபாலும் கொண்டு முடிந்தது இது. கொரோனாக் காலத்தில் உலகமே வீட்டிலிருந்து வேலை செய்து காட்டிய பின்னும், "குழந்தை பெற்றவளுக்கு வேலை தர இயலாது" என்பவர்களுக்கு இயலாமையன்று, மனமின்மையே காரணம். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டில் பேறுகால விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாகச் சட்டம் உயர்த்தியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் விடுமுறைச் சம்பளத்தின் சுமை முழுவதையும் முதலாளியின் தலையில் வைத்தது. தந்தைக்கு விடுமுறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு, ஆணை எடுத்தால் செலவில்லை என்று சிலர் கணக்குப் போடுகின்றனர். தந்தைக்கும் விடுமுறை வேண்டும், சுமையை அரசும் பகிர வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

இந்தக் கணக்கை நான் நேரிலே கண்டிருக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேட்ட கணக்குகளுக்கெல்லாம் விடை எழுதினேன். முடிவில் ஒரு கேள்வி வந்தது: "வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா?" எனக்குப் பின்னே போன வகுப்புத் தோழரிடம் அக்கேள்வியைக் கேட்கவில்லை. நான் தங்கியிருக்கும் விடுதியின் கதவு இரவு ஒன்பது மணிக்கு மூடப்படுகிறது. என் குழுவினரின் ஆராய்ச்சி வேலை இரவு பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கிறது. இராமகிருஷ்ண ஆசிரம மார்க் நிலையத்தில் ரயிலை விட்டிறங்கிக் கோல் மார்க்கெட் நோக்கி நடக்கும்போது, நான் பாடத்தை எண்ணுவதில்லை; கடிகாரத்தை எண்ணுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து அப்பா தொலைபேசியில், "படித்தது போதும் அம்மா, ஊர்ப்பக்கமே ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். என்மேல் உள்ள அன்பால்தான் சொல்கிறார். தில்லியில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதே அவர் அச்சம். வரும் மே மாதத்திற்குள் நான் அவருக்கு விடை சொல்லவேண்டும். "எனக்குச் சங்கம் இருக்கிறது" என்று சொல்ல ஆசை. அப்படிச் சொல்லத்தக்க சங்கமாக நாம் இருக்கிறோமா?

விடுதிக் கதவு என் ஒருத்தியின் குறையன்று. 2015-ஆம் ஆண்டில் இதே தில்லியில் மாணவியர் "பிஞ்ச்ரா தோட்" என்று கூடிக் குரல் எழுப்பினர். கூண்டை உடை என்பது அதன் பொருள். நூலகமும் ஆய்வுக்கூடமும் ஆணுக்கு ஒரு நேரம் வரையும் பெண்ணுக்கு வேறொரு நேரம் வரையும் திறந்திருப்பது என்ன நீதி என்றே அவர்கள் கேட்டனர். பாதுகாப்பு வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தெருவில் விளக்குப் போடுவதும் பேருந்து விடுவதும் பாதுகாப்பு. பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குப் பெயர் வேறு.

செயற்கை நுண்ணறிவு வந்து வேலைகளே குறையும்போது இதையெல்லாம் பேசுவானேன் என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். இப்பொழுதுதான் பேசவேண்டும். வரிசை குறுகும்போது ஓரத்தில் நிற்பவர்களே முதலில் தள்ளப்படுவர். அன்றியும், அப்பொறிகளை ஆக்குவோர் யார் என்பதைப் பொறுத்தே அவற்றின் நீதி அமைகிறது. அமேசான் நிறுவனம் மனுக்களைத் தரம் பிரிக்க ஒரு பொறியைப் பழக்கிற்று. பழைய மனுக்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. அவற்றைப் பார்த்துப் பழகிய பொறி, மனுவில் "பெண்கள்" என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது; அம்முயற்சியை அந்நிறுவனமே கைவிட்டது என்ற செய்தி 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பொறிகளைச் சோதித்தனர். வெளுத்த ஆண்களிடம் நூற்றுக்கு ஒன்று கூடத் தவறாத பொறி, கறுத்த பெண்களிடம் நூற்றுக்கு 34 வரை தவறிற்று. நம் அம்மாவின் நிறத்தையும் நம் தங்கையின் நிறத்தையும் எண்ணிப் பாருங்கள். இத்தவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கோல் மார்க்கெட்டின் பழைய வட்டக் கட்டடத்தைச் சாதனை புரிந்த இந்தியப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக்கப் புது தில்லி நகராட்சி மன்றம் திட்டமிட்டிருக்கிறது. மகிழ்ச்சி. அங்கே இராணி சிரோன்மணி அம்மையாருக்கும் லலிதா அம்மையாருக்கும் இடம் வேண்டும் என்று நம் சங்கம் ஒரு விண்ணப்பம் எழுதலாம். ஆனால் படங்களை மாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாமே இந்த ஆண்டில், செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வரும் மாணவியருக்காக, தங்கத்தக்க விடுதிகள், இரவில் செல்லத்தக்க வழிகள், உதவ முன்வரும் மூத்த தோழியர் ஆகியோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்க வேண்டும். வேலையில் இருக்கும் பழைய மாணவ மாணவியரைக்கொண்டு நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடத்தவேண்டும். அதை இரவில் ஆண்கள் விடுதி அறையில் வைக்காமல், சனிக்கிழமைப் பகலில் எல்லாரும் வரக்கூடிய இடத்தில் வைக்கவேண்டும். நம்மவர் தம்முள் பரிமாறிக்கொள்ளும் வேலைச் செய்திகளும் பழைய வினாத்தாள்களும் மாணவியருக்கும் அதே நாளில் கிடைக்கவேண்டும். சங்கத்தின் வரவு செலவையும் ஒலிபெருக்கியையும் இணையதளத்தையும் ஆண்டுதோறும் மாற்றி மாற்றிப் பொறுப்பளிக்க வேண்டும். கோலத்தையும் பன்னீரையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். நம் தோழர்கள் கோலம் கற்றுக்கொண்டால் நன்று; அதில் கணக்கு இருக்கிறது! நூலகமும் ஆய்வுக்கூடமும் இருபாலார்க்கும் ஒரே நேரம் வரை திறந்திருக்கவும், அந்நேரத்தில் விடுதிகளுக்குப் பேருந்து விடவும் பல்கலைக்கழகத்தைச் சங்கத்தின் பெயரால் கேட்கவேண்டும்.

இன்னும் ஒன்று. இதைத் தோழர்களிடம் தனியாகக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்திருப்பாள். பக்கத்துக் கல்லூரியில் கிடைத்த ஏதாவது ஒரு படிப்பில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "அவள் விரும்பியதைப் படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகள் நூறு முறை கேட்டாலும் தயங்கும் வீடுகள், அண்ணன் ஒருமுறை சொன்னால் இசைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமன்று, ஆயினும் உங்கள் கையில் அந்த வலிமை இருக்கும்வரை அதை நல்ல வழியில் செலுத்துங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இவற்றை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். முன்வருவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.